கூட வந்தவருக்கும் ஒரு நாற்காலி

லேப்டாப்புக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, சாம்பிராணியும் காட்டிய வீடு கோயமுத்தூரிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆர்.எஸ்.புரத்து வீட்டின் சாப்பாட்டு மேசை. நடுவில் சித்தப்பா மகன் தினேஷின் லேப்டாப். சுற்றிலும் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, வேறு ஏதோ வேலையாக வந்து இதில் மாட்டிக்கொண்ட ஒரு மாமா. நான் ஓரமாக உட்கார்ந்து கடலை பர்பியைக் கடித்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்துகொண்டிருந்தது என் வாழ்க்கையைப் பற்றிய விஷயம்தான். ஆனாலும் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புக்குப் போகிறவர்கள், எந்தத் துறை, எந்தக் கல்லூரி என்று விருப்ப வரிசையை இணையத்தில் பதிய வேண்டும். பதிந்து முடித்துப் பூட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. மறுநாள் சாயங்காலம்தான் கெடு.

"மொத சாய்ஸ் ரேடியாலஜி. போட்டாச்சுங்க பெரியப்பா. ரெண்டாவது?" என்றான் தினேஷ்.

அப்பா ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. அவர் குரல் அந்தக் காலத்தில் அவ்வளவு தணிந்து போயிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாதான் எடுத்துச் சொன்னாள்.

"ரெண்டாவதும் அதுதானாம். காலேஜ மட்டும் மாத்திக்கச் சொல்றாரு."

"மூணாவது?"

"அதுவும் அதேதான் தம்பி. நீ ஊர மாத்தி ஊர மாத்திப் போட்டுட்டே போ."

பர்பியை விழுங்கிவிட்டு நான் வாயைத் திறந்தேன். "எனக்கு குடும்ப மருத்துவம் வேணுங்ப்பா. அதை மொதல்ல போடச் சொல்லுங்க."

சாம்பிராணிப் புகை மட்டும் மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வாயைத் திறந்தவர் அந்த மாமாதான்.

"குடும்ப மருத்துவம்னா எந்தக் குடும்பத்துக்குங்க அம்மணி? நம்ம குடும்பத்துக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சாம்பிராணிக் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. இன்னொரு பர்பியை எடுத்துக்கொண்டேன்.

பெருந்துறையிலிருந்து ஒரு கேள்வி

இந்தக் கதையை இந்த வாரம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. வாரா வாரம் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு அம்மா பெருந்துறையிலிருந்து தொலைபேசியில் பேசினார். பையன் எம்.பி.பி.எஸ். கடைசி வருடமாம். "என்ற பையன் உங்க படிப்பத்தான் படிக்கோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறானுங்க. அவங்கூடப் படிக்கற ஒருத்தரும் அதை எடுக்கறதில்லியாமா. ஏனுங்க, அதுல ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?"

பாவம், அவர் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் விடுதியிலும் யாரும் எடுக்கவில்லை.

விடுதிச் சாப்பாட்டு அறையில் துறைகளுக்கு ஒரு ஜாதகமே இருந்தது. ரேடியாலஜி என்றால் குளிர்சாதன அறை, நோயாளி கையைப் பிடித்து அழமாட்டார். தோல் மருத்துவம் என்றால் ராத்திரி தூங்கலாம். எலும்பு என்றால் துளைபோடும் இயந்திரத்தைப் பிடிக்கலாம். எங்கள் வகுப்பு சபரி அதற்காகவே அதை எடுத்தான், இன்றைக்கும் சந்தோஷமாகத் துளைபோட்டுக்கொண்டிருக்கிறான். குடும்ப மருத்துவம் என்றால்? "எம்.பி.பி.எஸ்ஸுக்கு மேல இன்னொரு எம்.பி.பி.எஸ்ஸா?" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. படித்த வருடங்களில் நாங்கள் ஒரு குடும்ப மருத்துவர் வேலை செய்து பார்த்ததே இல்லை. இந்த மாதம் இதயம், அடுத்த மாதம் கண், அதற்கடுத்து காது மூக்கு தொண்டை என்று உடம்பைக் கூறு போட்டுத்தான் எங்களுக்குக் காட்டினார்கள். முழு ஆளை யாரும் காட்டவில்லை. கண்ணால் பார்க்காத வேலைக்கு யார் ஆசைப்படுவார்கள்?

நேர்மையான காரணத்தைச் சொன்னவள் என் அறைத்தோழி ரேவதி ஒருத்திதான். ஈரோட்டுக்காரி. கெட்டிக்காரி. தோல் மருத்துவம் எடுத்தாள்.

"கோகிலா, எனக்கு ஒரே பயம்டி. தோல் டாக்டர்கிட்ட தோலோடதான் வருவாங்க. உன்னோட கதவத் தொறந்துட்டு என்ன வரும்னே தெரியாது. தலைவலின்னு வந்து ஒக்காருவாங்க. அது பசியா இருக்கும், கட்டியா இருக்கும், மாமியாரா இருக்கும். எல்லாமும் நீதான் கண்டுபுடிக்கோணும். என்னால ஆகாது சாமி."

அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஏனென்றால் எனக்கு அந்த வேலையில் பிடித்ததும் அதேதான். அவள் பயம் என்று சொன்னதை நான் பிரமிப்பு என்று வைத்துக்கொண்டேன். கதவு ஒன்றுதான்.

தொண்டாமுத்தூர் அறை

எனக்கு அந்தப் பிரமிப்பு தொற்றிய இடம் தொண்டாமுத்தூர். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, பகலில் அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்தேன். தென்னந்தோப்புக்கும் உரக்கடைக்கும் நடுவில் ஓட்டுக் கட்டடம். நடத்தியவர் டாக்டர் நித்யா. எங்கள் கல்லூரியில் எனக்குச் சில வருடம் மூத்தவர். குடும்ப மருத்துவம் படித்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். எதையும் விளக்கிச் சொல்கிற பழக்கமே அவருக்கு இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூடப் புதுப் புடவை எங்கே வாங்கலாம் என்றுதான் பேசுவார்.

அவரது அறையில் ஒரு விசித்திரம். நோயாளி உட்கார ஒரு நாற்காலி. பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே மெத்தையோடு இன்னொரு நாற்காலி. அது கூட வந்தவருக்கு.

எங்கள் பக்கத்தில் யாரும் தனியாக மருத்துவரிடம் வருவதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வண்டி ஆட்கள் வருவார்கள். மற்ற இடங்களில் 'கூட வந்தவங்க வெளியே இருங்க' என்று விரட்டுவார்கள். அக்கா உள்ளே உட்காரவைப்பார். நோயாளியைப் பார்த்து, மருந்து எழுதி, அவர் எழுந்து கும்பிட்டுக் கிளம்பும் நேரத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார்.

"நீங்க எப்படி இருக்கறீங்க?"

இதற்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான். "நமக்கென்னங்க, நல்லா இருக்கறனுங்க." மரியாதை தெரிந்த மனிதர்கள். தன் வலியைச் சொல்லி எதிராளியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வளர்ந்தவர்கள். கால் ஒடிந்து கிடந்தாலும் முதலில் 'ஒண்ணுமில்லீங்க, நீங்க சாப்ட்டீங்களா' என்றுதான் கேட்பார்கள்.

அக்கா அந்தப் பதிலுக்குத் தலையாட்டிவிட்டு, பிறகு ஒன்றும் செய்யமாட்டார். அடுத்த ஆளைக் கூப்பிடமாட்டார். கைப்பேசியைப் பார்க்கமாட்டார். சும்மா இருப்பார். மின்விசிறி கடகடவென்று ஓடும். வெளியே ஏதாவது ஒரு குழந்தை ஊசிக்கு அழும்.

அப்போது இரண்டாவது பதில் வரும்.

முதல் தடவை அதைப் பார்த்தது ஒரு விவசாயியிடம். மனைவிக்குச் சர்க்கரை பார்க்கக் கூட்டி வந்திருந்தார். அவர் நல்லா இருக்கறனுங்க என்றார். அக்கா சும்மா இருந்தார். அவர் துண்டை எடுத்து மடித்தார். திரும்பப் பிரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க… ஆனை எறங்குதுங்க, வாழைக்குள்ள. காவலுக்கு மரத்து மேல பரண் கட்டியிருக்கறனுங்க. முன்னெல்லாம் வெசையா ஏறிப்போடுவேன். இப்ப பாதி ஏணியில நெஞ்ச அமுக்குதுங்க. நின்னா விட்டுப்போகுது. ஆனைய நெனச்சு பயமா இருக்குமுன்னு நெனச்சுட்டு உட்டுட்டனுங்க."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதுவரை அவளுக்கே தெரியாது. உடனே ஈ.சி.ஜி. எடுத்தோம். அன்று மதியமே நகரத்துக்கு அனுப்பினோம், அங்கே இதயக் குழாய் அடைப்பைச் சரிசெய்தார்கள். அவர் திரும்பி வந்தபோது ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கக் கூடாது என்று அக்கா சத்தம் போட்டார்.

இன்னொரு நாள், மாமியாருக்கு முழங்கால் வலி என்று கூட்டி வந்த சின்னப் பெண். கைக்குழந்தை இடுப்பில். இரண்டாவது பதில், "கொழந்தயப் பாத்தாலே அழுகையா வருதுங்க டாக்டர், ஏன்னே தெரியல." சொன்னவுடன் அழுதாள். முழங்கால் வலிக்கார மாமியார்தான் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

எனக்கு அந்த நாட்களில் புல்லரித்துப்போய்விடும். பொய் சொல்லவில்லை. கல்லூரியில் எத்தனையோ பெரிய அறுவை சிகிச்சைகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அங்கே எனக்குக் கால்தான் வலித்தது. இங்கே ஒரு கேள்வி, கொஞ்சம் மௌனம், அவ்வளவுதான். ஒரு முழு மனிதன் எழுந்து வந்து முன்னால் நிற்கிறான். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா என்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் எனக்கு நானே கேட்டுக்கொள்வேன்.

தடித்த சுவர்

அப்பாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவரிடம் வேறொரு ஏற்பாடு இருந்தது.

அப்பாவுக்குக் கோவையின் கணபதிப் பகுதியில் பவுண்டரி, இரும்பு வார்ப்புப் பட்டறை. பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் வார்ப்பார்கள். நான் எம்.பி.பி.எஸ். முடிப்பதற்குள்ளாகவே வீட்டின் முன்பக்கத்தில், கார் ஷெட் இருந்த இடத்தில், ஸ்கேன் சென்டருக்கு ஓர் அறை கட்டிவிட்டார். எங்கள் ஊர் அப்பாக்களுக்கு இது ஒரு வியாதி. பெண் பல் மருத்துவம் சேர்ந்தாலே பல் நாற்காலிக்குக் குழாய் இழுத்துவிடுவார்கள். நான் என்ன படிக்கப்போகிறேன் என்பது எனக்குத் தெரியும் முன்பே எங்கள் சுவருக்குத் தெரிந்திருந்தது.

கதிர்வீச்சு வெளியே வரக் கூடாது என்று அந்தச் சுவர் அவ்வளவு தடிமன். கான்கிரீட். கதவுக்குள் ஈயத் தகடு. பொறியாளர் சொன்னதற்கு மேலேயே கொஞ்சம் தடிமனாகப் போடவைத்தார் அப்பா. உறவுக்காரர்கள் வந்தால் உள்ளே கூட்டிப் போய்க் காட்டுவார். "கதவச் சாத்திப்போட்டுக் கத்திப் பாருங்க. வெளிய ஒரு பொட்டுச் சத்தம் வராது." செல்போனும் எடுக்காது. மெஷின் ஒன்றுதான் பாக்கி. அதற்கு நான் ரேடியாலஜி படித்து வர வேண்டும்.

"சளிக்கும் காச்சலுக்கும் மாத்தர எழுதறதுக்கு எதுக்கு கண்ணு இன்னொரு படிப்பு? அது உனக்கு இப்பவே தெரியுமே" என்பார்.

அம்மாவின் கவலை வேறு. "நாளைக்குக் கல்யாணப் பத்திரிகையில உன்ற பேருக்குப் பக்கத்துல என்னன்னு போடறது? ஒறம்பரை சொந்தத்துல கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது, எந்த ஒறுப்புக்கு டாக்டருன்னு?"

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் சின்ன வயதில் அவர் கத்தினால் தெருமுனை இஸ்திரிக்காரர் திரும்பிப் பார்ப்பார். உலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். அந்த மனிதர் சில வருடங்களாக மாறிக்கொண்டே வந்தார். குரல் தணிந்தது. பேச்சில் நிதானம் வந்தது. பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் நாறினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார், அம்மாவை ஒரு வார்த்தை திட்டமாட்டார். மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டைகளை விட்டுவிட்டுக் கழுத்து வழியாக மாட்டும் பனியன் சட்டைக்கு மாறினார். மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க என்று நாங்கள் கேலி செய்தோம். கார் ஓட்டுவதை விட்டு டிரைவர் வைத்துக்கொண்டார். பெரிய மனுசராகிவிட்டார் என்று சித்தப்பா சொன்னார்.

மெதுவாகப் பேசுவதுதான் மரியாதை என்று நினைக்கிற ஊர் இது. குரல் தணிந்தால் யாராவது கவலைப்படுவார்களா? அவர் கோபம் தணிய அம்மா மருதமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்று பால்குடமே எடுத்தாள்.

அத்தையின் பிரஷர்

லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்த மறுநாள். காலையில் வழக்கம்போலத் தொண்டாமுத்தூருக்குப் போய்விட்டேன். வரிசை இன்னும் பூட்டப்படவில்லை. தினேஷிடம், சாயங்காலம் நான் வரும்வரை தொடாதே, தொட்டால் உன் விரலை ஒடிப்பேன் என்று சொல்லியிருந்தேன்.

நித்யா அக்கா பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான். கூட்டம் குறைந்த நேரத்தில் வாசலில் எங்கள் கார் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறக்க, அப்பாவின் அக்கா இறங்கினார். எங்கள் அத்தை. பின்னால் அப்பா.

"அம்மணி, எனக்கு ரெண்டு நாளாத் தலை சுத்தற மாதிரி இருக்குது. பிரஷர் பாருன்னு தம்பி கூட்டியாந்துட்டான்" என்றார் அத்தை. ஆர்.எஸ்.புரத்தில் தெருவுக்கு நாலு கிளினிக் இருக்க, இங்கே வரை பிரஷர் பார்க்க வந்தார்களாம். எனக்குத் தெரியாதா? என்னைக் கரைக்க அத்தையைப் பிடித்து வந்திருந்தார் அப்பா. என் வீட்டில் நான் எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் அத்தை.

சரி, நோயாளி நோயாளிதான். பட்டையைக் கட்டினேன். அத்தை ஆரம்பித்துவிட்டார். "உங்கப்பன் உனக்குக் கெட்டதா நெனப்பான்? அந்த ரூம எத்தன ஆசையாக் கட்டி வெச்சிருக்கறான்…"

"பேசாதீங்க அத்தை. பேசுனா பிரஷர் ஏறும்."

பிரஷர் நன்றாகவே இருந்தது. சொன்னேன். அத்தை கையை உருவிக்கொண்டு எழுந்தார்.

அப்போது நான் செய்தது யோசித்துச் செய்ததல்ல. தினமும் அந்த அறையில் செய்கிற பழக்கம். பேனாவை மூடிவைத்தேன். பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

"நீங்க எப்படி இருக்கறீங்ப்பா?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். இவரிடம் இதுதான் முதல் தடவை.

"நமக்கென்ன கண்ணு. நல்லா இருக்கறேன்."

நான் சும்மா இருந்தேன். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். தென்னை ஓலை காற்றில் தடதடத்தது.

"பொத்தான் போட முடியல கண்ணு."

எனக்குக் கேட்டது. அத்தைக்குக் கேட்கவில்லை. என்னடா தம்பி சொன்னே என்றார்.

"சட்டப் பொத்தான் போட வெரலு வர மாட்டேங்குது. அதுக்குத்தான் இந்தப் பனியன் சட்ட. கையெழுத்துப் போட்டா எழுத்து எறும்பாட்டம் சிறுத்துட்டே போகுது. பவுண்டரியில அச்சு மண்ணு கருகுனா மொதல்ல எனக்குத்தான் தெரியும், இப்ப ஒரு வாசமும் வாரதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கம்மாகிட்டச் சொல்லல. நான் மட்டும் போயி மண்டைய ஸ்கேன் எடுத்துப் பாத்தேன். ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. படத்துல இல்ல. ஆனா எனக்குள்ள என்னமோ இருக்குது கண்ணு."

நான் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பினேன்.

"அதனாலதான் உன்ன அதப் படிக்கச் சொன்னேன். வேற யாரோ பாத்தா அவசரத்துல உட்டுருவாங்க. நம்ம ரூம்ல, நம்ம மெஷின்ல, என்ற மகளே பாத்தா கெடச்சுரும்னு நெனச்சேன்."

கட்டி முடித்த அந்தச் சுவரைத் தட்டித் தட்டி எல்லோருக்கும் காட்டிய மனிதர். அந்த அறையின் முதல் நோயாளியாக அவர் தன்னையே நினைத்து வைத்திருந்தார். நாங்கள் அதை ஜம்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னேன். வலது கையில் தட்டல் சிறுத்துச் சிறுத்து நின்றுபோனது. முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தேன். துருப்பிடித்த கீலைப் போலத் தடுத்துத் தடுத்து வந்தது. வராந்தாவில் நடக்கச் சொன்னேன். இடது கை வீசியது. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கை நடுங்கியிருந்தால் எங்கள் வீட்டில் யாராவது கவனித்திருப்போம். நடுக்கமே இல்லை. தணிந்த குரலும், நிதானமும், கோபமில்லாத முகமுமாக வந்திருந்தது அது. அந்த முகத்தைத்தான் நாங்கள் சாந்தம் என்று கொண்டாடினோம்.

"அப்பா, இது பார்க்கின்சன்னு சொல்லுவாங்க. உதறுவாதம். அப்படித்தான் எனக்குப் படுது. நரம்பு டாக்டர்கிட்டப் போயி உறுதி பண்ணிக்கலாம். அடியோட போகாதுங்ப்பா, ஆனா மாத்திரை இருக்குது. பொத்தான் போடலாம்."

"ஸ்கேன்ல ஏன் தெரியல?"

"நீங்க எடுத்த மாதிரி ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாதுங்ப்பா. ஆளப் பாத்துத்தான் கண்டுபுடிக்கறது."

அவர் என்னையே பார்த்தார். "வெறும் கண்ணுல பாத்தாலே தெரியுமா?"

"கேட்டா இன்னும் நல்லாத் தெரியும்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பா கேட்டார்: "அப்ப அந்த ரூமு?"

அழுதுகொண்டிருந்த அத்தை சிரித்துவிட்டார். நானும்தான்.

பூட்டு

பொழுது சாயும் நேரத்தில் அதே மேசை, அதே லேப்டாப். குங்குமம் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. தினேஷ் என் மிரட்டலுக்குப் பயந்து விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் சிரித்த கூட்டம் முழுசாக இருந்தது.

அப்பா ஏதோ சொன்னார். வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை. சித்தப்பா மாமாவோடு நிலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா மறுபடியும் சொன்னார். நான் மேசையை ஓங்கித் தட்டினேன்.

"அப்பா பேசறாரு. எல்லாரும் கேளுங்க."

சித்தப்பா நிலத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

"அம்மணி என்ன சொல்லுதோ அத மொதல்ல போடு தம்பி" என்றார் அப்பா. எல்லோருக்கும் கேட்டது. "எனக்குக் குடும்ப டாக்டருதான் வேணும்."

ரேடியாலஜியை வரிசையிலிருந்தே எடுத்துவிட்டு, தினேஷ் குடும்ப மருத்துவத்தைப் போட்டான். பூட்டினான். அம்மாவிடம் விஷயத்தைப் பிறகு அப்பாவே சொன்னார். அவள் பால்குடம் எடுத்ததை நினைத்து நினைத்து அழுதாள். கல்யாணப் பத்திரிகையைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

கதவைச் சாத்தினால்

படித்து முடித்துவிட்டு ஆர்.எஸ்.புரத்துக்கே திரும்பி வந்தேன். மெஷின் வராத அந்த ஸ்கேன் அறைதான் இப்போது என் கிளினிக். வெளியே ஆட்டோ ஹாரனும் பட்டுக்கடை விளம்பரமும் காதைப் பிளக்கும். கதவைச் சாத்தினால் ஒன்றும் கேட்காது. செல்போன் எடுக்காது என்பதால் வருகிறவர்கள் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்துப் பேசுகிறார்கள். உள்ளே சொல்கிற எதுவும் வெளியே போகாது. குடும்ப மருத்துவருக்கு இதைவிடப் பொருத்தமான அறையை யாராலும் திட்டம் போட்டுக் கட்டியிருக்க முடியாது. அப்பா இதை எல்லோரிடமும் தன் யோசனை என்றே சொல்கிறார்.

உள்ளே ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள்.

இந்த வேலையில் எனக்குச் சலிப்பு வராத நாளே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் கேட்டு நச்சரிப்பார்கள். இணையத்தில் படித்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுப்பார்கள். பெரிய டாக்டர் யாரையாவது எழுதிக் கொடுங்க என்பார்கள். எல்லாம் இருக்கிறது. ஆனால் பக்கத்து நாற்காலியிலிருந்து இரண்டாவது பதில் வருகிற அந்த ஒரு கணத்தில், இன்றைக்கும் எனக்குக் கையில் முடி சிலிர்க்கிறது. பெருந்துறை அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். குறை ஒன்று உண்டு, உங்கள் பையன் எந்த உறுப்புக்கு டாக்டர் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்ல முடியாது. மற்றபடி அவனை விட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு மாத்திரை வேலை செய்கிறது. சட்டைக்குத் திரும்பிவிட்டார். மேல் பொத்தானை மட்டும் அம்மா போட்டுவிடுகிறாள். நடை முன்பைவிட மெதுவாகிவிட்டது. இனிமேலும் ஆகும், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். குரலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், தினமும் ஒரே வாக்கியத்தை முழுத் தொண்டையில் கத்திச் சொல்லிப் பழக வேண்டும், உங்களுக்குப் பிடித்த வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வீட்டில் கத்தினால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று அவருக்கு வெட்கம். அதனால் காலையில் கிளினிக் திறக்கும் முன்பு என் அறைக்கு வருவார். கூட வந்தவர் நாற்காலியில் உட்காருவார். நான் ஈயக் கதவைச் சாத்துவேன்.

மூச்சை இழுத்துப் பிடித்து, பவுண்டரிக் காலத்துக் குரலை எங்கிருந்தோ தேடி எடுத்து, அந்தத் தடித்த சுவர் அதிர அவர் கத்துவார்.

"நீ எப்படி இருக்கறே கண்ணு?"

போன வாரமும் கத்தினார். நான் மேசையைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இருக்கறனுங்ப்பா" என்றேன்.

அவர் அடுத்த மூச்சை இழுக்கவில்லை. சும்மா உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. நான் துணியைக் கீழே வைத்தேன்.

"அது மொதப் பதிலு" என்றார் அப்பா, தன் பழைய தணிந்த குரலில். "நான் இருக்கறேன். மெதுவாச் சொல்லு."